பற்றரி செத்ததா, கொல்லப்பட்டதா?

காலபோக நெற்கதிர் முற்றும் தை, மாசி மாதங்களில், வன்னியின் காட்டோரக் கிராமங்களில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் முழுவதும் ஒரு சிறிய பெட்டியை நம்பியே இருக்கிறது. யானை வேலிக்கு மின் அதிர்வு கொடுக்கும் கருவியையும் அதற்குரிய 12 வோல்ற் பற்றரியையும் வைத்திருக்கும் பெட்டியைத்தான் சொல்கிறேன். அந்தப் பற்றரி நடுச்சாமத்தில் ஓய்ந்துபோனால் வேலி வெறும் கம்பியாகிவிடும். கம்பியில் அதிர்வு இல்லை என்பதைக் கண்டுபிடிக்க யானைக்கு அதிக நேரம் வேண்டியதில்லை. விடியுமுன் வயல் மிதிபட்டுப் போகும். கலைக்கப் போனவர் உயிரோடு திரும்பாத இரவுகளும் உண்டு.

வேலிக்கு மட்டுந்தான் பற்றரி என்றில்லை. கரையோரத்தில் சிறுபடகுகளின் விளக்குகளும் வாடிகளின் விளக்குகளும் இதே பற்றரியில்தான் எரிகின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டு இன்வேட்டரும் பற்றரியும் வாங்கிய குடும்பங்கள் பல. மின்வெட்டு நின்றதும் அவை மூலையில் தள்ளப்பட்டன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய குழப்பத்தால் நாடு முழுவதும் இருண்டபோது, மூலையிற் கிடந்த பற்றரியை ஓடிப்போய் எடுத்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலருக்குக் கிடைத்தது ஏமாற்றமே. விளக்கு ஐந்து நிமிடம் எரிந்து அணைந்துவிட்டது.

"பற்றரி செத்துப்போச்சு, சார்ஜ் நிக்குதில்லை" என்பது கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அதற்குச் சங்கம் காணும் தீர்வும் எப்போதும் ஒன்றுதான்: பணம் சேர்த்துப் புதியதொன்றை வாங்குவது. புதியதும் ஒன்றரை வருடத்தில் அதே வழியிற் போகிறது. உண்மையில் நம் கிராமங்களில் முதுமையடைந்து சாகும் பற்றரிகள் மிகச் சிலவே. பெரும்பாலானவை கொல்லப்படுகின்றன. கொன்றது எதுவென்று காணாமல் புதிய பற்றரியை வாங்கி அதே இடத்தில் வைப்பது, அதையும் அதே கொலையாளியிடம் ஒப்படைப்பதாகும்.

உள்ளே நடப்பது என்ன?

இந்தப் பற்றரியின் அடிப்படையை 1859ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்ரன் பிளாந்தே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை உள்ளே இருக்கும் பொருட்கள் மாறவில்லை. ஒருவகைத் தகட்டில் ஈயம், மற்றவகைத் தகட்டில் ஈயவீரொட்சைட்டு, இரண்டும் மூழ்கியிருக்க நீர் கலந்த சல்பூரிக்கமிலம். 12 வோல்ற் பற்றரியில் இப்படி ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும்.

நாம் மின்னை எடுக்கும்போது அமிலத்திலுள்ள சல்பேற்று இருவகைத் தகடுகளிலும் படிந்து ஈயச்சல்பேற்று ஆகிறது. அமிலம் தண்ணீரைப்போல ஐதாகிக்கொண்டு போகிறது. மின்னேற்றும்போது படிந்தது கரைந்து திரும்பவும் அமிலமாகிறது. இந்தப் போக்கும் வரவும் ஒழுங்காக நடக்கும் வரைக்கும் பற்றரிக்கு நோயில்லை. ஆனால், மின் இறங்கிய நிலையிலேயே நாட்கணக்காக விட்டுவிட்டால் அந்தப் படிவு இறுகிப் பெரிய பளிங்குகளாகிவிடும். புதிதாகத் தெறித்த சீமெந்தைத் துணியால் துடைத்துவிடலாம். ஒரு கிழமை கழித்து உளிதான் வேண்டும். அதே கதைதான் இங்கும். இறுகிய இடம் பின்னர் மின்னை ஏற்காது. 60 அம்பியர்-மணி என்று வெளியில் எழுதியிருக்கும் பற்றரி உள்ளே 20 ஆகச் சுருங்கிவிடும். குடம் அதே அளவாகவே தெரியும். பாதிக்கு மேல் கல் நிறைந்திருக்கும்.

பலர் நினைப்பதுபோலப் பற்றரியைக் கொல்வது அதிகப் பாவனை மட்டுமல்ல. அரைகுறையாக ஏற்றி அரைகுறையாகவே வைத்திருப்பதுதான் நம் ஊர்களில் முதலாவது கொலையாளி.

முதலில் விசாரணை

"சார்ஜ் நிற்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பற்றரி நிரம்பவேயில்லை என்பது ஒன்று. நிரம்பியது, ஆனால் எவரும் பாவிக்காமலே வடிந்துபோகிறது என்பது இன்னொன்று. நிரம்பவும் செய்கிறது, வடியவுமில்லை, ஆனால் கொள்ளளவு குறைந்துவிட்டது என்பது மூன்றாவது. மருந்து மூன்றுக்கும் வேறு.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சாதாரண இலக்க மீற்றர் போதும். சங்கத்துக்கு ஒன்று இருந்தால் ஊர் முழுவதற்கும் உதவும். பற்றரியை முழுமையாக மின்னேற்றி, மறை முனையின் வயரைக் கழற்றி, எதுவும் தொடுக்காமல் ஓரிரவு விடவேண்டும். ஏற்றிய கையோடு அளந்தால் மேலோட்டமான ஒரு மின்னழுத்தம் கூடுதலாகக் காட்டி நம்மை ஏமாற்றும். ஆகவே இந்த ஓய்வு கட்டாயம். காலையில் 12.6 அல்லது 12.7 வோல்ற் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் அரைவாசி, 12.0 என்றால் கால்வாசி. 11.8இற்குக் கீழே போனால் அது வெறும் பெட்டி. முழு நாளும் ஏற்றிய பின்னரும் 10.5 அளவிலேயே நின்றால், ஆறு அறைகளில் ஓர் அறை முற்றாகச் செத்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது.

கழற்றி வைத்தபோது 12.6இல் நின்ற பற்றரி, வயரைப் பூட்டி எல்லா ஆளிகளையும் நிறுத்திவைத்த நிலையிலும் இரவில் இறங்குகிறதென்றால் பற்றரி நிரபராதி. வயரில் எங்கோ கசிவு உண்டு. அதைக் காண ஓர் எளிய உபாயம் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளின் சிக்னலுக்குப் போடும் 12 வோல்ற் சிறு மின்குமிழ் ஒன்றை, கழற்றிய மறை வயருக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையிலே தொடுக்கவேண்டும். எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும்போது குமிழ் மங்கலாக எரிந்தாலும் திருடன் இருக்கிறான். பிறகு ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எதைக் கழற்றியபோது குமிழ் அணைகிறதோ அந்த வழியாகத்தான் மின் போகிறது. மிகச் சிறிய கசிவு குமிழை எரியச் செய்யாது. அதற்கு மீற்றரின் அம்பியர் அளவைத்தான் பார்க்கவேண்டும்.

கசிவு சில வேளை வயரிலே அல்ல, பற்றரியின் தலையிலேயே இருக்கும். மூடியைச் சுற்றி அமில ஈரமும் தூசியும் சேர்ந்து இரு முனைகளுக்கும் இடையில் ஒரு பாதை போட்டுவிடும். மீற்றரின் ஒரு முனையை மறையில் வைத்து மற்றதைப் பிளாஸ்ரிக் மூடியின்மேல் தொட்டுப் பாருங்கள். ஏதாவது வோல்ற் காட்டினால் அதுதான் விடயம். மூடிகளை இறுக்கிவிட்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினாற் போதும். சோடாத் தண்ணீர் ஒரு துளியேனும் அறைகளுக்குள் போகக்கூடாது. முனைகளிற் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியையும் அப்படியே கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடலாம். பற்றரி செத்துவிட்டது என்று சொல்லப்பட்டுக் கடைசியில் தளர்ந்த முனையும் பூத்த பொடியும் மட்டுமே குற்றவாளிகளாக இருந்த சம்பவங்கள் எத்தனையோ.

சீமெந்துத் தரையில் வைத்தால் மின் வடிந்துவிடும் என்று சொல்லிப் பலகை போடுபவர்கள் இன்றும் உண்டு. பழைய காலத்து மரப்பெட்டி, றப்பர்ப்பெட்டிப் பற்றரிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் பலகை போடுவதால் நட்டமொன்றுமில்லை. மழைவெள்ளம் வரும் வீட்டில் நல்லதுங்கூட.

மூன்றாவது நோயான கொள்ளளவுக் குறைவைக் காண, 55 வாற் வாகன முன்விளக்குக் குமிழ் ஒன்றை நிறைந்த பற்றரியில் மூன்று மணித்தியாலம் எரியவிடுங்கள். அது ஏறத்தாழ 14 அம்பியர்-மணி எடுத்திருக்கும். கழற்றி ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தால், நல்ல 60 அம்பியர்-மணிப் பற்றரியில் 12.4 அளவில் இருக்கவேண்டும். 12.2 என்றால் கொள்ளளவில் பாதி போய்விட்டது. மூன்று மணித்தியாலம் எரியவே மறுத்தால் வேறு சாட்சி தேவையில்லை.

மூடி திறக்கக்கூடிய பற்றரிகளுக்கு இன்னொரு நல்ல சாட்சி உண்டு. அது கராஜ்காரர் வைத்திருக்கும் நீர்மானி. கண்ணாடிக் குழாய்க்குள் மிதவையுள்ள அந்தச் சிறு கருவி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும். நிறைந்த பற்றரியில் 1.25 தொடக்கம் 1.28 வரை இருக்கும். வெப்ப நாடுகளுக்கென்று செய்தவற்றில் சற்றுக் குறைவாக 1.24 இருக்கலாம். முக்கியமானது ஆறு அறைகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்பதே. ஐந்து அறைகள் 1.25ஐக் காட்ட ஒன்று மட்டும் 1.18இல் நின்றால், அந்த ஒன்றுதான் மற்ற ஐந்தையும் இழுத்து விழுத்துகிறது.

வேலியில் தொங்கிய விளக்கு

காட்டோரக் கிராமம் ஒன்றின் கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒரு தடவை பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பங்குமனைக்கு வந்தார். "சுவாமி, இது மூண்டாவது பற்றரி. இனிச் சங்கத்திலை காசில்லை. சனம் என்னைக் கள்ளன் எண்டு சொல்லாத குறை" என்றார். விற்ற கடைக்காரர் பழையதைக் கழுவிக் கொடுத்துவிட்டார் என்பது ஊரவரின் சந்தேகம். பற்றரியை முழுமையாக மின்னேற்றி ஓரிரவு வைத்தோம். காலையில் 12.6. விளக்குச் சோதனையிலும் பழுதில்லை. கடைக்காரர்மீது இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

பின்னேரம் வேலியடிக்குப் போனபோது விடயம் வெளித்தது. காவற் கொட்டிலில் ஒரு சின்ன மின்குமிழ் தொங்கியது. பக்கத்தில் இரண்டு கைத்தொலைபேசிகள். எல்லாம் வேலிப் பற்றரியிலிருந்துதான். அங்கே கணக்குப் போட்டோம். வேலிக்கருவி 0.3 அம்பியர் எடுத்தது. 24 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 7 அம்பியர்-மணி. 40 வாற் சோலர் தகடு நல்ல வெயில் நாளில், இழப்புகள் போக, 10 அளவில் கொடுக்கும். வேலிக்கு மட்டுமென்றால் தாராளம். ஆனால் 5 வாற் மின்குமிழ் மாலை ஆறிலிருந்து விடியும்வரை எரிந்தால் இன்னும் நாலரை, தொலைபேசிகளுக்கு ஒன்றோ ஒன்றரையோ. செலவு 13, வரவு 10. நாளொன்றுக்கு 3 பற்றாக்குறை. பத்தே நாளில் 60 அம்பியர்-மணிப் பற்றரி பாதியாகிறது. அதன்பின் அது ஒருபோதும் நிரம்புவதில்லை. நிரம்பாத பற்றரியில் சல்பேற்று இறுகுகிறது. முதலிரண்டு பற்றரிகளும் இப்படித்தான் போயிருக்கவேண்டும்.

செயலாளர் கோபத்தோடு குமிழைப் பிடுங்கப் போனார். கொட்டிலில் இருந்த முதியவர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, லைற்றைக் கழட்டுறது எண்டால் இண்டைக்கு ராவைக்கு நீர்தான் காவலிருக்க வேணும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருட்டில், பாம்பும் யானையும் உலாவும் இடத்தில் ஒரு மனிதனைக் காவலுக்கு இருத்திவிட்டு அவருக்கு விளக்கு இல்லை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தொலைபேசியும் ஆடம்பரமல்ல, யானை வந்தால் ஊருக்குச் சொல்ல அதுதான் மணி. தேவை நியாயமானது, அதற்குரிய வரவுதான் இல்லை. நான்காவது பற்றரிக்குச் சேர்க்கவிருந்த பணத்திலும் குறைவான செலவில் இரண்டாவது தகடு ஒன்றைப் பூட்டினார்கள். அந்த மூன்றாவது பற்றரி அதன்பின் மூன்று காலபோகங்களைக் கண்டது.

இன்னொன்றையும் அங்கே கவனித்தோம். வேலியில் அதிர்வு குறைந்தாலே பற்றரியைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. மழைக்குப்பின் புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொட்டால், பற்றரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் அதிர்வு நிலத்துக்குள் இறங்கிவிடும். அதற்குத் தேவை கத்தி.

மழைமாதத்துக் கடன்

மேலே சொன்ன கணக்கு வெயில் நாளுக்குரியது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாட்கணக்கில் சூரியனைக் காணமுடியாது. 10 கொடுத்த தகடு 3 கொடுத்தாலே பெரிது. வேலி தன் 7ஐ எடுத்துக்கொண்டுதான் இருக்கும். மார்கழி முடியுமுன் பற்றரி தரைதட்டிவிடும். ஆனால் யானையின் வருகை மும்முரமாவது நெல் முற்றும் தையிலும் மாசியிலும். அப்போது வெயில் திரும்பியிருக்கும், தகடு பளபளவென்றிருக்கும், பற்றரி மட்டும் மின் பிடிக்காது. ஊரவர் "நேற்றுவரை நல்லாய்த்தானே இருந்தது" என்பார்கள். நேற்றல்ல, இரண்டு மாதத்துக்கு முன்னரே அது நோயில் விழுந்துவிட்டது. கடன் கார்த்திகையில் வாங்கப்பட்டது, தவணை தையில் வந்தது.

ஆகவே மழைமாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது பற்றரியை மின்சாரமுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய் முழுமையாக ஏற்றவேண்டும். வேலி வெறுமையாக நில்லாதபடி மாற்றுப் பற்றரி ஒன்றிருந்தால் நல்லது; சற்றுப் பழையதானாலும் ஓரிரு இரவுக்குப் போதும். முழுமையாக ஏற்றுதல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரவுணில் இரண்டு மணித்தியாலத்தில் ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் பெரிய அம்பியரில் திணித்து முக்கால்வாசியோடு நிறுத்திவிடுகிறார்கள். பற்றரி முதலில் வேகமாக ஏற்கும். கடைசிப் பங்கை மெல்ல மெல்லத்தான் உள்ளே எடுக்கும். 60 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 3 தொடக்கம் 6 அம்பியர் அளவில், 14.4 வோல்ற்றுக்கு வந்தபின்னும் சில மணித்தியாலம் விடவேண்டும். எல்லா அறைகளிலும் ஒரே விதமாகச் சிறுகுமிழிகள் எழுந்தால் நிரம்புகிறது என்று அறியலாம்.

தகட்டையும் மறந்துவிடலாகாது. வேப்பங்கிளை ஒன்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே அதன் மின்னில் பெரும்பகுதி போய்விடும். ஏனெனில் உள்ளே உள்ள கலங்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. காக்கை எச்சமும் அப்படியே. தகடு தெற்கு நோக்கி 10 அல்லது 15 பாகை சரிந்திருந்தால் மழையே கழுவிவிடும். தகட்டிலிருந்து பற்றரிக்கு வரும் வயர் மெல்லியதும் நீளமானதுமாக இருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே தேய்ந்துவிடும். நண்பகலில் தகட்டுப்பக்க முனையிலும் பற்றரி முனையிலும் அளந்து பாருங்கள். இடையிலுள்ள கொன்ரோலரும் பற்றரியின் வகைக்கு ஏற்றதாக அமைக்கப்பட்டிருக்கவேண்டும்.

உப்புத் தண்ணீரும் மாயப்பொடியும்

1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டிலும் வன்னியிலும் மின்சாரமின்றி, பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த ஆண்டுகளை நம்மில் எவர் மறப்பார்? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஓய்ந்துபோன ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்தும், துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டும் இன்னும் ஓரிரவு உயிர்கொடுத்தார்கள் நம் மக்கள். அந்தக் கெட்டித்தனம் பெருமைக்குரியது. ஆனால் அது உலர்கலங்களுக்குரிய வித்தை. அந்த நினைவில் இன்று ஈயப் பற்றரிக்குள் உப்புத் தண்ணீர் விடுபவர்களைக் கண்டிருக்கிறேன். உப்பிலுள்ள குளோரைட்டு தகடுகளை அரித்துவிடும். மின்னேற்றும்போது நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயுவும் வரக்கூடும். கிணற்றுத் தண்ணீரும் ஏறக்குறைய அதே பாவந்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரையும் மன்னார்க் கரையோரத்து உவர்நீரையும் பற்றரிக்குக் கொடுக்கலாகாது. கடையில் போத்தலில் விற்கும் வடித்த நீரே ஏற்றது. அது கிடைக்காத இடத்தில், முதல் மழை கழுவிப்போனபின், கூரையிலிருந்து அல்லாமல் திறந்தவெளியில் வைத்த சுத்தமான பிளாஸ்ரிக் பாத்திரத்தில் பிடித்த மழைநீரை அவசரத்துக்குப் பாவிக்கலாம். தகடு மூழ்கவேண்டும், விளிம்புவரை நிரப்பக்கூடாது. அமிலம் சிந்தியிருந்தாலன்றி அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. குறைவது தண்ணீர் மட்டுமே.

உயிர் கொடுக்கும் பொடி என்று ஏதேதோ விற்கிறார்கள். இது புதிய வியாபாரமுமல்ல. ஏடி-எக்ஸ்-2 என்ற பெயரில் விற்கப்பட்ட இத்தகைய பொடியொன்று பயனற்றது என்று அமெரிக்க அரசின் நியமங்கள் பணியகம் சோதித்துச் சொன்னதற்காக, அதன் பணிப்பாளர் அலன் அஸ்ரின் 1953ஆம் ஆண்டு பதவியிலிருந்து விலகும்படி கேட்கப்பட்டார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தனர், அவர் பதவியில் தொடர்ந்தார், பின்னர் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்றும் பணியகத்தின் சோதனை சரியென்றே கண்டது. அன்று அரசாங்கத்தையே ஆட்டிய பொடியின் உறவினர்கள் இன்று நம் சந்தைக்கு வந்தால் கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இறுகிய பற்றரிக்கு மருந்தே இல்லையா? ஓரளவு உண்டு. மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின், தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, 2 அல்லது 3 அம்பியரில் ஒரு நாளோ இரண்டு நாளோ மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். முடிவில் 15 வோல்ற்வரை சில மணித்தியாலம் போகவிடலாம். பெட்டி கைக்குச் சுட்டால் நிறுத்தவேண்டும். நோய் சில கிழமைக்குட்பட்டதாயின் ஒரு பங்கு திரும்பிவரும். ஆறு மாதம் வெறுமையாகக் கிடந்ததற்கு இதைச் செய்வது நேரத்தை வீணாக்குவதே. முற்றாக மூடப்பட்ட பற்றரிக்கு இதைச் செய்யவே கூடாது. உள்ளேயுள்ள ஈரம் போனால் திரும்ப விட வழியில்லை.

வாங்கும்போதே செய்யும் தவறொன்றும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று உழவு இயந்திரத்தின் அல்லது லொறியின் பற்றரியை வேலிக்கும் விளக்குக்கும் பூட்டுகிறோம். அது ஒரு கணத்தில் பெரும் மின்னைக் கொடுத்து இயந்திரத்தை இயக்குவதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது. ஒவ்வோர் இரவும் வெறுமையாக்கினால் சில மாதங்களில் தகடு உதிரும். சோலருக்கென்று தடித்த தகட்டோடு வருவதை வாங்கவேண்டும்; அதையும் பாதிக்குக் கீழே இறக்காமலிருப்பது உத்தமம். வெயிலில் கொதிக்கும் தகரப் பெட்டியும் ஆகாது. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மேலே ஓலையாவது போடுங்கள்.

வேலிப் பற்றரியைப் போன்ற பொதுச்சொத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. எல்லோருக்கும் உரியதை எவரும் பார்ப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, விடியற்காலை வோல்ற்றை ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்து எழுதுகிற கிராமங்களில் பற்றரி நீடிக்கிறது. 12.5, 12.4, 12.3 என்று எண்கள் இறங்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். எழுதுவதைப் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகளே ஒழுங்காகச் செய்கிறார்கள்.

தீயும் ஈயமும்

மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஒரு வீட்டில் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எரியும் எண்ணெய் விளக்குக்கு நேர் கீழே பற்றரியை வைத்து மின்னேற்றிக் கொண்டிருந்தார்கள். ஆண்டவர் அந்த வீட்டை அதுவரை காத்திருக்கிறார். ஆனாலும் பற்றரியை யன்னலோரம் மாற்றிவைக்கச் சொன்னேன். கழற்றும்போது மறை முனையை முதலில் கழற்றவேண்டும், பூட்டும்போது கடைசியில். அமிலம் கண்ணில் பட்டால் கால் மணித்தியாலமாவது சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பின் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கரையோர வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. செத்த பற்றரியை உடைத்து, ஈயத்தை அடுப்பில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது சில இடங்களில் நடக்கிறது. அந்தப் புகையும் முற்றத்தில் சிந்தும் தூளும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. ஈயம் உடம்புக்குள் போனதற்கு உடனே அடையாளம் தெரியாது. பிள்ளை படிப்பில் பின்தங்குவதாகவே பெற்றோர் நினைப்பர். மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டில், டக்கார் நகருக்கு அண்மையிலுள்ள தியாரோய்-சுர்-மேர் என்னுமிடத்தில், பழைய பற்றரிகளின் ஈயம் கலந்த மண்ணைச் சலித்து விற்ற குடும்பங்களில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மாரும் நம் தாய்மாரைப்போல நாலு காசு தேடியவர்களே.

ஆகவே பழைய பற்றரியை உடைக்காமல், அமிலத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், நிமிர்ந்தபடியே கட்டி, புதியது வாங்கும் கடைக்கே கொண்டுபோங்கள். ஈயத்துக்கு விலையிருப்பதால் அநேகமான கடைகள் பழையதை எடுத்துக்கொண்டு ஒரு தொகையைக் கழிக்கின்றன. எவ்வளவு கழிப்பார்கள் என்பதைப் புதியதுக்கு விலை பேசுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.